நெஞ்செரிவும் ஒரு பூட்வால்வும்

மாங்குளத்துக்கு அண்மையில் ஒரு பாமசியில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். கடை திறந்து அரை மணித்தியாலம் போகாது, "தம்பி, கஸ்ரிக் குளிசை ஒரு கார்ட் தாங்கோ" என்று முதல் ஆள் வந்துவிடுவார். என்ன செய்யுது என்று கேட்டால் ஒருவருக்கு நெஞ்சுக்குள் எரிவு. அடுத்தவருக்கு வயிறு ஊதிக்கொண்டு நிற்கிறது. இன்னொருவருக்குப் பசி நேரத்தில் மேல்வயிறு குத்துகிறது. நாலாவது ஆளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. சந்தியில் யாரோ போடச் சொன்னார்களாம். நாலு பேருக்கும் ஒரே சொல், ஒரே குளிசை. குளிசை வேண்டாம் என்பவர்களுக்கு ஊரில் கிடைக்கும் ஆலோசனையும் ஒன்றுதான்: இஞ்சியை இடித்துக் குடி, சுகம் வரும்.

சிலருக்குச் சுகம் வருகிறது. சிலருக்கு எரிவு கூடிவிடுகிறது. ஏன் இப்படி என்று விளங்க, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இங்கே எழுதப்போவது நெஞ்செரிவைப் பற்றி மட்டும். அதிலும், குளிசைக்கு வெளியே ஆட்கள் செய்து பார்க்கும் வழிகளைப் பற்றித்தான் கூட. நான் வைத்தியர் இல்லை. மருந்துச் சீட்டு வாசித்து மருந்து கொடுப்பவன். நெஞ்செரிவு எனக்கும் உண்டு.

"கஸ்ரிக்" என்று ஒரு நோய் இல்லை

கஸ்ரிக் என்ற சொல்லுக்கு "இரைப்பைக்குரிய" என்பதுதான் பொருள். "என்ன வருத்தம்?" என்று கேட்டவருக்கு "கால்" என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? முள்ளுக் குத்தியதா, எலும்பு முறிந்ததா, வாதமா என்று ஒன்றும் தெரியாது. கஸ்ரிக் என்பதும் அப்படித்தான்.

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு சங்கதி இருக்கிறது. இரைப்பையின் உட்சுவரில் புண் வருவது ஒன்று. அந்தச் சுவர் புண்ணாகாமல் வீங்கிச் சிவந்திருப்பது இன்னொன்று. வாயு சேர்ந்து வயிறு ஊதுவது மூன்றாவது. இரைப்பையில் இருக்க வேண்டிய புளிப்பு நீர் மேலே ஏறி நெஞ்சை எரிப்பது நாலாவது. இந்த நாலாவதற்குத்தான் அமிலப் பின்னோட்டம் என்று பெயர்: கீழே போக வேண்டியது பின்னோக்கி மேலே ஓடி வருவது. நெஞ்செரிவு அதன் அறிகுறி.

புண் வேறு, பின்னோட்டம் வேறு. இரைப்பைப் புண்ணுக்கு முக்கியமான ஒரு காரணம் ஒரு பக்றீரியா என்று 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தப் புண் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் மாறும். நெஞ்செரிவு அப்படி மாறாது, ஏனென்றால் அதற்குக் காரணம் கிருமி அல்ல.

நம்முடைய பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கவனமாக இருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். சித்த மருத்துவத்தில் வயிற்று வருத்தங்களுக்குக் குன்மம் என்று பெயர். அதை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள். எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம், வாயுகுன்மம் என்று பெயரைக் கேட்டாலே என்ன செய்கிறது என்று விளங்கும். எட்டுச் சொல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம்.

கையில் பட்ட மிளகாய்த்தூள்

உள்ளங்கையில் மிளகாய்த்தூளைக் கொட்டினால் ஒன்றும் செய்யாது. அதே தூள் ஒரு சிட்டிகை கண்ணில் பட்டால்? தூள் மாறவில்லை, அளவும் கூடவில்லை. பட்ட இடம்தான் வேறு.

இரைப்பையில் ஊறும் நீரில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லீற்றர் இரைப்பை நீர் சுரக்கும். சாப்பாட்டைச் செமிக்கச் செய்யவும், சாப்பாட்டோடு வரும் கிருமியைக் கொல்லவும் அது வேண்டும். இரைப்பையின் உட்சுவர் அதற்கு ஏற்றபடி சளிப்படலம் பூசி, உள்ளங்கை மாதிரி இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு இல்லை. (பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இதைக் களம் என்று படித்திருப்பீர்கள்.) ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான, வாயிலிருந்து இரைப்பைக்குச் சாப்பாட்டை இறக்கும் வெறும் வழி அது. அமிலத்துக்கு அது கண் மாதிரி. அது நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடுவதால்தான் வயிற்று அமிலம் நெஞ்சை எரிக்கிறது.

அப்போ நெஞ்செரிவு உள்ளவருக்கு அமிலம் கூடிவிட்டதா? ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அமிலம் சாதாரண அளவில்தான் சுரக்கிறது. அது இருக்கக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பூட்வால்வு செய்யும் வேலை

தோட்டக் கிணற்றில் மிசின் வைத்து இறைப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளக்குவது மிகச் சுலபம். கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் ஒரு பூட்வால்வு இருக்கும். தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகலாம், திரும்பி வர முடியாது. வால்வுக்குள் ஒரு சருகோ சின்னக் கல்லோ சிக்கினால் கதை முடிந்தது. இரவு மிசினை நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் பைப்புக்குள் தண்ணீர் இல்லை, எல்லாம் இறங்கிவிட்டது. அதைப் பார்த்து "தண்ணி கூடிப்போச்சு" என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். நேரே பூட்வால்வைக் கழற்றுவார்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் அப்படியொரு வால்வு இருக்கிறது. வளையம் போல் சுருங்கி வழியை மூடும் அந்தத் தசைக்கு இறுக்கித்தசை என்று பெயர். சாப்பாடு வரும்போது தளர்ந்து வழி விடும், பிறகு இறுகும். அதற்கு ஒரு துணையும் உண்டு. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பெரிய தசைத் தகடு, அதாவது பிரிமென்றகடு, அதே இடத்தில் உணவுக்குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் மூச்சு எடுக்கும்போது வேலை செய்யும் தசை அது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மூச்சுப் பயிற்சி பற்றிச் சொல்லும்போது இந்த இரண்டாவது பூட்டு திரும்ப வரும்.

இந்தக் கதவு எப்போது ஏமாற்றுகிறது? சிலருக்குத் தசையே சோர்ந்து போயிருக்கும். சிலருக்கு இரைப்பையின் மேல்நுனி பிரிமென்றகட்டின் துளை வழியாகக் கொஞ்சம் மேலே ஏறி, இரண்டு பூட்டும் இரண்டு இடத்தில் ஆகிவிடும். ஆனால் மிகவும் சாதாரணமாக நடப்பது இதுதான்: இரைப்பை நிரம்பி விரியும்போது, உள்ளே சேர்ந்த காற்றை ஏப்பமாக விட இறுக்கித்தசை தானாகவே சில நொடிகள் திறந்துகொள்ளும். இது எல்லோருக்கும் நடக்கும், நடக்கவும் வேண்டும். காற்று மட்டும் வெளியே போனால் ஏப்பம். காற்றோடு அமிலமும் ஏறினால் புளியேப்பம். நிறையச் சாப்பிட்டால் நிறையத் தடவை திறக்கும்.

இன்னொரு சின்னச் சங்கதி. சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலம் முழுவதும் சோற்றோடு கலந்துவிடுவதில்லை. கொஞ்சம் சாப்பாட்டுக்கு மேலே, கதவுக்குச் சரியாகக் கீழே, தனியாகத் தேங்கி நிற்கும். வயலில் மழைத் தண்ணீர் குட்டையாக நிற்பது மாதிரி. இதை அமிலக் குட்டை என்று சொல்வோம். கதவு திறந்தால் முதலில் ஏறுவது இதுதான். சாப்பிட்ட உடனே எரிவு ஏன் கூட என்பதற்கு இதுவே காரணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நெஞ்செரிவு பெரும்பாலும் கதவின் பிரச்சினை. அமிலம் தன் இடத்தில் தேவையானது. மேலே வந்தால் எரிக்கும். வயிறு நிரம்புவதும் வயிற்றை அமுக்குவதும் கதவைத் திறக்க வைக்கும்.

யார் எந்த வைத்தியம் சொன்னாலும் இனி நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எந்த இடத்தில் வேலை செய்கிறது? கதவை இறுக்குகிறதா, வயிற்று அழுத்தத்தைக் குறைக்கிறதா, அமிலத்தைக் குறைக்கிறதா அல்லது முறிக்கிறதா, அமிலத்தை ஏறவிடாமல் தடுக்கிறதா, ஏறிய அமிலத்தைக் கழுவி இறக்குகிறதா? இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் அது வாய்க்கு ருசியாக இருக்கலாம், வைத்தியமாக இருக்காது.

அடுப்படியில் இருப்பவை

இஞ்சியில் இருந்து தொடங்குவோம். இஞ்சியும் வேர்க்கொம்பும் ஓக்காளத்துக்கு நல்லவை. சாப்பாடு இரைப்பையை விட்டுக் கீழே இறங்குவதைக் கொஞ்சம் துரிதமாக்குவதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆகவே சாப்பாடு செமிக்காமல் நெஞ்சில் நிற்கிற மாதிரி இருப்பவருக்கு மெல்லிய இஞ்சித் தேத்தண்ணி உதவலாம். ஆனால் ஒரு துண்டு இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் அதுவே எரிக்கும். இஞ்சியை அதிகமாக எடுப்பதால் வரும் தொல்லைகளில் முதலாவது நெஞ்செரிவுதான். சந்தியில் கிடைத்த ஆலோசனை சிலருக்கு ஏன் எதிர்மாறாகிறது என்று இப்போது விளங்கும்.

ஓமமும் சீரகமும் வாயுவுக்கு. வயிறு ஊதுவது குறைந்தால் அழுத்தமும் குறையலாம், அந்த வகையில் ஒரு சின்ன உதவி. கதவுக்கு அவை ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. சீரகம் அவித்த தண்ணீரை இளஞ்சூட்டில் குடிப்பதில் தீமை இல்லை. ஏறிய அமிலத்தைத் தண்ணீர் கழுவி இறக்கும் என்பதே பாதிப் பலன்.

புதினாவில்தான் எல்லோரும் ஏமாறுவது. வாய்க்கும் தொண்டைக்கும் குளிர்ச்சியாக இருப்பதால் நெஞ்சுக்கும் குளிர்ச்சி என்று நினைக்கிறோம். புதினா எண்ணெய் தசைகளைத் தளர்த்தும் பொருள். குடல் இறுகி வலிப்பவருக்கு அது நன்மை. இறுகியிருக்க வேண்டிய இறுக்கித்தசைக்கு அது கெடுதல். மின்ட் டொபி சூப்பிக்கொண்டு நெஞ்செரிவுக்கு மருந்து கேட்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

பால் குடித்ததும் சுகம் தெரியும், உண்மை. அமிலம் கொஞ்ச நேரம் முறிகிறது. அப்புறம் பாலில் உள்ள புரதமும் கல்சியமும் இன்னும் அமிலத்தைச் சுரக்கச் செய்கின்றன. இரவு படுக்கப் போகும்போது ஒரு கோப்பை பால் என்பது எரிவை நடுச்சாமத்துக்குத் தள்ளிப்போடுவது மட்டும்தான்.

தேசிக்காயும் வினாகிரியும் இப்போது கைபேசியில் சுற்றுகின்றன. "உங்களுக்கு அமிலம் குறைவு, அதனால்தான் கதவு மூடவில்லை, அமிலம் குடித்தால் மூடும்" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நம்பத்தக்க ஆய்வு எதுவும் அதற்கு இல்லை. ஏற்கனவே புண்ணாகிக் கிடக்கும் குழாய் வழியாக இன்னொரு அமிலத்தை இறக்குகிறீர்கள், அவ்வளவே.

அப்பச்சோடா வேறு கதை. அது உண்மையாகவே வேலை செய்யும். சோடியம் இருகாபனேற்று என்ற அந்தத் தூள் அமிலத்தோடு சேர்ந்தவுடன் அதை முறித்து, காபனீரொட்சைட்டு வாயுவை விடும். எரிவு நிமிடத்தில் அடங்கும், பெரிய ஏப்பம் வரும். அந்த வாயுவே இரைப்பையை ஊதிக் கதவைத் திரும்பத் திறக்கவும் செய்யும். அரைத் தேக்கரண்டித் தூளில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது; பிரஷர் உள்ளவர், இதய வருத்தக்காரர், சிறுநீரக வருத்தக்காரர் தொடக்கூடாது. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்து இரைப்பை வெடித்த சம்பவங்கள், மிக அரிதாக என்றாலும், மருத்துவப் பதிவுகளில் உண்டு.

பரியாரியாரின் மருந்துப் பெட்டி

நாட்டு வைத்தியத்தை ஒரேயடியாக ஒதுக்குபவர்களுக்கு நான் சங்கு பற்பத்தைக் காட்டுவேன். சங்கைப் புடமிட்டு எடுக்கும் வெள்ளைத் தூள் அது. குன்மத்துக்குப் பரியாரிமார் கொடுப்பார்கள். சங்கு என்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. பாமசியில் சப்பிச் சாப்பிடக் கொடுக்கும் அமிலம் முறிக்கும் குளிசைகள் பலவற்றில் இருப்பதும் கல்சியம் காபனேற்றுத்தான். ஒரே காரியத்துக்கு இரண்டு பேர் இரண்டு வழியால் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்க முடியாது. புடமிட்ட மருந்துகளில் சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்றவை தங்கியிருக்கலாம். பதிவு பெற்ற சித்த வைத்தியரிடமோ அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலையிலோ வாங்குவது ஒன்று. பேருந்து நிலையத்தில் பெயர் ஒட்டாத போத்தலில் வாங்குவது வேறொன்று.

அதிமதுரம் இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்கு நல்லது என்று நெடுங்காலமாகப் பாவிக்கிறார்கள். இருமலுக்கு ஒரு துண்டு வாயில் அடக்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாளுக்கு நாள், கிழமைக் கணக்கில் எடுத்தால் அதில் உள்ள இனிப்புப் பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொற்றாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் அதை மருந்து என்றே நினைத்துக் கேட்டு எடுக்க வேண்டும். கற்றாழையிலும் ஒரு பொறி உண்டு: உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சதை வேறு, தோலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பால் வேறு. அந்த மஞ்சள் பால் பேதிக்கு.

கடலில் இருந்து வரும் ஒரு மருந்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பழுப்பு நிறக் கடற்பாசியில் இருந்து அல்ஜினேற்று என்ற பசைப்பொருளை எடுக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அது சேர்த்த பாணி மருந்தைக் குடித்தால், அமிலத்தில் பட்டவுடன் களி மாதிரி இறுகி, நுரைக்குமிழிகளோடு மிதக்கும். எங்கே மிதக்கும்? முன்னர் சொன்ன அமிலக் குட்டைக்கு மேலே, ஒரு தெப்பம் மாதிரி. கதவு திறந்தாலும் முதலில் ஏறுவது தெப்பம்தான். இந்தக் கடையில் விற்கும் நெஞ்செரிவு மருந்துகளில் எனக்கு மிகப் பிடித்த வேலைப்பாடு இதுதான்.

கட்டில் கால், பாய், இடப்பக்கம்

இனிச் சொல்லப்போவது காசு செலவில்லாதது. அதனாலோ என்னவோ, நான் சொன்னால் ஆட்கள் மிகக் குறைவாக நம்புவதும் இதைத்தான். படுக்கையை மாற்றுவதற்கு ஆய்வு ஆதாரம் அடுப்படிச் சாமான்கள் எல்லாவற்றையும்விடக் கூட.

தண்ணீர் பாதி நிரம்பிய போத்தலை மூடியில்லாமல் மேசையில் நிறுத்துங்கள், சிந்தாது. சரித்துப் படுக்க வையுங்கள், சிந்தும். இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவரின் இரைப்பை அந்தப் போத்தல்தான். பகலில் அமிலம் ஏறினாலும் நிமிர்ந்து இருப்பதால் இறங்கிவிடும், விழுங்கும் எச்சில் மிச்சத்தைக் கழுவிவிடும். நித்திரையில் எச்சில் ஊறுவது மிகக் குறைவு, விழுங்குவதும் குறைவு. ஏறிய அமிலம் அங்கேயே கிடந்து வேகும். அதனால் கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடச் சொல்கிறார்கள். யானைக்குக் காவல் இருந்துவிட்டு நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடும் வயல்காரரிடம் இதைச் சொல்வது எனக்கும் கூச்சம்தான். அவர்களுக்கு நான் சொல்வது: பெரிய சாப்பாட்டை அந்தியில் முடியுங்கள், கொட்டிலுக்குப் போகும்போது கொஞ்சமாக எடுத்துப் போங்கள்.

அடுத்தது தலைப்பக்கத்தை உயர்த்துவது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டும். எத்தனை கல் என்பது கல்லின் தடிப்பைப் பொறுத்தது, ஆடாமல் இருக்க வேண்டும் என்பது முக்கியம். தலையணையை மூன்று நாலாக அடுக்குவது இதற்குப் பதில் ஆகாது. அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடியும், வயிறு இன்னும் அமுங்கும். உடம்பு இடுப்பிலிருந்தே ஒரே சரிவாக ஏற வேண்டும். பாயில் படுக்கும் ஒரு அம்மா உமி நிரப்பிய உரப்பையைச் சரிவாக அமுக்கித் தைத்து முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்கு அது தோன்றியிருக்காது.

அதுவும் முடியாதவர்கள் இடப்பக்கமாகச் சரிந்து படுக்கலாம். இரைப்பை என்ற பை உணவுக்குழாய்க்கு இடப்பக்கமாகத் தொங்குகிறது. இடப்பக்கம் சரிந்தால் அமிலம் பைக்குள் தாழ்ந்து தேங்கும், கதவு மேலே நிற்கும். வலப்பக்கம் சரிந்தால் கதவு தண்ணீருக்குள் இருக்கும். சாப்பிட்டால் இடது கைப்பக்கம் படு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் சொன்ன காரணம் எதுவானாலும் சொன்ன பக்கம் சரி.

வயிற்று அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியானம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு உடனே குனிந்து புல்லுப் பிடுங்கினால், மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்தால், பையைக் கவிழ்த்துப் பிழிவதற்குச் சமம். இடுப்பில் சாரத்தை இறுக்கி முடிவதும், பெல்ட்டை ஒரு ஓட்டை உள்ளே போடுவதும் அதே மாதிரி. வண்டி (தொந்தி) வைத்தவர்களுக்கு அந்த அழுத்தம் இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கும். கொஞ்சம் நிறை குறைந்தாலே நெஞ்செரிவு குறைவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகரெட், சுருட்டு, கள்ளு, சாராயம் எல்லாம் கதவைத் தளர்த்துபவை.

சாப்பாட்டில் எதை விடுவது என்று பெரிய பட்டியல் தரமாட்டேன். ஒருவருக்குத் தூள் போட்ட கறி, இன்னொருவருக்குப் பொரியல், இன்னொருவருக்குக் கோப்பி. இரண்டு கிழமை ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்த்து, திரும்பச் சேர்த்துப் பாருங்கள். மாறாவிட்டால் அதைப் பாவம் சும்மா விடுங்கள். எல்லாவற்றையும் பயந்து விட்டு வெறும் சொதியோடு இடியப்பம் சாப்பிட்டு இளைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எச்சிலும் மூச்சும்

எச்சில் லேசான காரத்தன்மை உள்ளது, அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும், கழுவியும் இறக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் சீனியில்லாத சுவிங்கம் சப்பினால் குழாயில் அமிலம் நிற்கும் நேரம் குறைகிறது என்று சின்ன ஆய்வுகள் காட்டுகின்றன. (புதினா வாசம் இல்லாததாகப் பாருங்கள்.) இதை ஒரு அம்மம்மாவுக்குச் சொன்னபோது, "அப்ப வெத்திலை சப்பினா காணும்தானே?" என்று மடக்கினார். வெற்றிலையில் ஊறுவதைத் துப்பிவிடுகிறோம், விழுங்கினால்தானே கழுவும்; அதோடு போடும் புகையிலையின் நிக்கொட்டின் கதவைத் தளர்த்தும் என்றேன். அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை.

மூச்சுப் பயிற்சி என்றால் பலர் சிரிப்பார்கள். இரண்டாவது பூட்டு ஞாபகம் இருக்கிறதா? பிரிமென்றகடு ஒரு தசை, தசையென்றால் பழக்கலாம். ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றால் மூச்சு எடுக்கும் பயிற்சியை நாலு வாரம் செய்தவர்களுக்குக் குழாயில் அமிலம் நிற்கும் நேரம் குறைந்தது. சேர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை, ஆகவே இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடத் தேவையில்லை. ஆனால் செய்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை அசையக்கூடாது. முதல் நாள் எல்லோருக்கும் நெஞ்சுக் கைதான் எழும்பும்.

இந்தப் பகுதிகளின் சுருக்கம்: படுக்கை, நேரம், நிறை ஆகியவற்றுக்கு ஆதாரம் கூட. கடற்பாசி மருந்து நன்றாக வேலை செய்யும். சுவிங்கமும் மூச்சும் செய்து பார்க்கலாம். இஞ்சியும் சீரகமும் அளவோடு. புதினாவும் வினாகிரியும் வேண்டாம்.

குளிசையை நிறுத்தும்போது

ஒமிப்பிரசோல் என்ற கஸ்ரிக் குளிசையை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்பிகள் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றை அடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பம்பியைத்தான் அதனால் அடைக்க முடியும். பம்பியை ஓட வைப்பது சாப்பாடு. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். எரிவு வந்த பிறகு போட்டுவிட்டு "கேக்குதில்லை" என்பவர்கள் பெரும்பாலும் நேரத்தை மாற்றினாலே போதும்.

கைவைத்தியத்தை நம்பி ஒரே நாளில் குளிசையை நிறுத்துபவர்களுக்கு இன்னொரு பொறி. நெடுநாள் அடைத்து வைத்த பம்பிகள் திறந்தவுடன் முன்னரைவிடக் கூடுதலாக அமிலம் சுரக்கும். 2009இல் டென்மார்க்கில் நெஞ்செரிவே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு 8 வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தியதும் 100இல் 44 பேருக்கு நெஞ்செரிவு போன்ற தொல்லை வந்தது. மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 100இல் 15 பேருக்குத்தான் வந்தது. அதாவது நிறுத்திய கிழமைகளில் வரும் எரிவு பழைய நோய் திரும்பியதாக இல்லாமல் இருக்கலாம். கிளினிக்கில் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். பிரஷருக்கோ மூட்டுவலிக்கோ வேறு குளிசை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். சில பிரஷர் குளிசைகள் கதவைத் தளர்த்தும், சில நோக் குளிசைகள் குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

பாமசிக்கு வரக்கூடாத எரிவு

சாப்பாடு விழுங்கும்போது தடக்கினால், காரணமில்லாமல் மெலிந்தால், தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனால், இரத்தமாகச் சத்தி எடுத்தால், ஐம்பது தாண்டியவருக்கு முதன்முறையாக எரிவு தொடங்கினால் இஞ்சியும் வேண்டாம், குளிசையும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன வருடம் அரிவு வெட்டு நேரம் ஒரு ஐயா வந்தார். வழக்கமாக வருபவர். "கஸ்ரிக் குளிசை ஒண்டு தா தம்பி, விடியவில இருந்து நெஞ்சு எரியுது." காசை நீட்டிய கை ஈரமாக இருந்தது. வெயிலில் வந்ததால் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் சேட்டு முழுவதும் நனைந்திருந்தது, இடது கையைத் தடவிக்கொண்டே நின்றார், இரண்டு படி ஏறி வந்ததற்கு மூச்சு வாங்கியது. கதிரையில் இருத்திவிட்டு அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுத்தேன். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள்.

இதய வலியும் நெஞ்செரிவும் ஒரே இடத்தில்தான் தெரியும், வைத்தியர்களே ஈ.சி.ஜி. எடுக்காமல் சொல்லமாட்டார்கள். வியர்வை, மூச்சு வாங்குதல், கைக்கோ தாடைக்கோ ஏறும் நோவு, நெஞ்சில் மூட்டை வைத்தது மாதிரி அமுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் இவ்வளவு தெளிவாகக்கூடத் தெரியாமல் போகலாம். ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை, வெறும் கஸ்ரிக் என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரும் வழியில் கடையில் இறங்குங்கள், குளிசை தருகிறேன்.